கடனில் இருக்கும் இலங்கையில் சுத்தமான எரிசக்திக்குப் பொதுப் பணத்தைச் செலவழிப்பது நியாயமா? அது முதலில் யாரைச் சேர வேண்டும்?

செலவழிக்கத்தான் வேண்டும். ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிதான் எனக்குப் பெரிது. கொழும்பில் கூரைகளில் சோலர் பூட்டுவது என் தொழில். எந்தக் கூரைகளில் ஏறுகிறோம், எந்தக் கூரைகளில் ஏறுவதே இல்லை என்பதை நாள்தோறும் பார்க்கிறேன்.

நாவல, ராஜகிரிய, பத்தரமுல்லை என்று எங்களைக் கூப்பிடுகிற இடங்களில் பெரும்பாலும் தனி வீடுகள். ஐந்து கிலோவோட் தொகுதி பூட்ட எட்டு, பத்து இலட்சம் ரூபா ஆகும். கையில் இல்லாவிட்டால் வங்கி லோன். அதற்கு மாதச் சம்பளத் துண்டு வேண்டும், காணி உறுதி உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் வாடகைக்கு இருப்பவரிடம் இந்த இரண்டும் கிடையாது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் சொந்தமாக வீடு வாங்கியவர்களுக்குக்கூட மொட்டை மாடி பொதுவானது, ஒருவர் மட்டும் பனல் அடுக்க முடியாது. மட்டக்குளியில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த அடுக்குமாடியில் இருக்கும் ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: “தம்பி, கூரையே எங்கட இல்லை. அரசாங்கம் சோலருக்கு உதவி செய்யுதெண்டு ரீவியில சொல்றாங்கள். எங்களுக்கு அதில என்ன இருக்கு?”

இன்றைய நிலையில் நேரடியாக எதுவும் இல்லை. இதுவரை வந்த உதவி பெரும்பாலும் கூரை உள்ளவருக்கான உதவி. 2016 செப்டெம்பரில் அரசாங்கம் கூரைச் சோலர் திட்டத்தைத் தொடங்கியபோது, வீட்டில் உற்பத்தியாகி மின்கட்டமைப்புக்குப் போகும் ஒரு யூனிட்டுக்கு முதல் ஏழு வருடத்துக்கு 22 ரூபா என்று விலை வைத்தார்கள். 2017இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கூரைச் சோலருக்கென்று 50 மில்லியன் டொலர் கொடுத்தது. அந்தப் பணம் வங்கிகளின் ஊடாக லோனாகத்தான் போனது. திட்டம் வீணென்று சொல்லமாட்டேன். இன்றைக்கு நாட்டின் கூரைகளில் 1,000 மெகாவோட்டுக்கு மேல் இருக்கிறது, அதில் என் கையும் பட்டிருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் லோன் எடுக்கத் தகுதி இல்லாதவரை அது தொடவே இல்லை.

தொடாமல் விட்டதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. நம் நாட்டில் மாதம் கூடுதலாகக் கரண்ட் பாவிக்கிற வீடுகள் யூனிட்டுக்குக் கூடிய விலை கட்டும். அந்த மேலதிகப் பணம்தான் 30, 60 யூனிட் பாவிக்கிற ஏழை வீட்டின் பில்லைக் குறைத்துக் கொடுத்து வந்தது. அதிகம் கட்டிய வீடுகள் ஒவ்வொன்றாகச் சோலருக்கு மாறும்போது அந்தப் பணம் நின்றுபோகிறது. அதேவேளை பின்னேரம் ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரை, தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வெயில் இல்லை. சோலர் வீடுகளும் அப்போது மின்கட்டமைப்பைத்தான் நம்பி இருக்கின்றன. கம்பிகளைப் பராமரிக்கிற செலவும், தயாராக நிற்கும் மின்நிலையங்களின் செலவும் அப்படியே இருக்க, கட்டுகிறவர்கள் குறைகிறார்கள். அந்தக் குறையைப் பொதுப் பணம் நிரப்பாவிட்டால் மட்டக்குளி அக்காவின் பில்தான் நிரப்பும்.

பில் ஏறினால் என்ன நடக்கும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். 2022 ஓகஸ்ட்டுக்கு முன்னர் முதல் 30 யூனிட்டுக்குள் ஒரு யூனிட் 2.50 ரூபா. அந்த மாதம் அது 8 ரூபாவானது. 2023 பெப்ரவரியில் 30 ரூபா, அதோடு மாத நிலைக் கட்டணம் 400 ரூபா. செலவுக்கு ஏற்ற விலை வைக்க வேண்டும் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனை. மின்சாரசபையின் நட்டத்தைக் கடைசியில் மக்கள்தான் வரியாகக் கட்டுகிறோம் என்பதும் உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஃபான், இரண்டு பல்ப், ஒரு ரீவி உள்ள வீட்டில் எதைக் குறைப்பது? 2022 ஓகஸ்ட்டிலேயே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. கரண்ட் கட்டானால் விளக்குக்கும் வழியில்லை, கேஸ் இல்லாதவருக்கு அடுப்புக்கும் வழியில்லை, கடலுக்குப் போகிறவருக்குப் படகு ஓட்டவும் வழியில்லை. பின்னர் கட்டணம் குறைந்தது, நல்லது. அந்த இடைப்பட்ட காலத்தில் சிவப்பு நோட்டீஸ் வந்து கரண்ட் வெட்டப்பட்ட வீடுகளில் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கொதிக்கிறது.

வெளிநாட்டுப் பணம் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். வரட்டும், ஆனால் எந்த வடிவத்தில்? 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் தென்னாபிரிக்காவுக்கு நியாயமான மாற்றத்துக்கென்று, அதாவது வேலை இழப்பவரைக் கைவிடாமல் நிலக்கரியிலிருந்து விலகுவதற்கென்று, 8.5 பில்லியன் டொலர் தருவதாக அறிவித்தன. அதில் மானியம் நூறு டொலருக்கு நான்கு டொலர் அளவுதான். மிச்சத்தில் பெரும்பகுதி கடன். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாடு நாங்கள். காற்றாலைக்குக் கடன் எடுக்கலாம், அது கரண்ட் விற்றுத் தானே கட்டும். ஏழை வீட்டுக்குக் கொடுக்கிற உதவியையும், வேலை இழப்பவருக்குக் கொடுக்கிற பயிற்சியையும் டொலர் கடனில் செய்தால் அந்தக் கடன் அதே வீட்டுக்கு வரியாகத் திரும்பி வரும். அந்த இரண்டுக்கும் மானியம்தான் வேண்டும் என்று நம் பிரதிநிதிகள் கூசாமல் கேட்க வேண்டும்.

வேலை இழப்பவர் என்றேனே, அது வெறும் பேச்சு இல்லை. தென்னாபிரிக்காவின் கோமாட்டி நிலக்கரி மின்நிலையத்தை 2022 ஒக்டோபரில் மூடினார்கள். மாற்று வேலைகளுக்கும் சேர்த்து உலக வங்கி ஏறத்தாழ 497 மில்லியன் டொலர் ஒதுக்கியது. நிரந்தர ஊழியர்களுக்கு வேறு இடம் கிடைத்தது. ஒப்பந்த வேலையாட்களும் அவர்களை நம்பிக் கடை வைத்திருந்தவர்களும்தான் நடுத்தெருவில் நின்றார்கள். மின்நிலையம் முதலில் மூடப்பட்டது, மாற்று வேலை பிறகு வரும் என்றார்கள். நமக்கு நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது, 900 மெகாவோட். நாட்டின் கரண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. அதை நாளைக்கே மூட முடியாது. ஆனால் இனிப் புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை, 2030இல் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று இலக்கு வைத்துவிட்டோம். அங்கே நிலக்கரி இறக்குகிறவர்களுக்கும், சாம்பல் தூசியோடு வாழ்ந்த கற்பிட்டிப் பக்கத்து மக்களுக்கும் என்ன வழி என்று இப்போதே எழுதி வைக்க வேண்டும்.

மன்னாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஓகஸ்ட்டில் காற்றாலைக்கு எதிராக அங்கே மக்கள் வீதிக்கு வந்தபோது கொழும்பில் சிலர் அவர்களை அபிவிருத்திக்கு எதிரானவர்கள் என்றார்கள். மழைநீர் வடியும் வழியையும் மீன்பிடியையும் பற்றிக் கேட்பவர் எதிரி அல்ல. அவர்களிடம் முன்கூட்டியே கேட்பதற்கும் ஈடு கொடுப்பதற்கும் ஆகும் செலவும் திட்டச் செலவுதான்.

என்னிடம் பொறுப்பைக் கொடுத்தால் பணத்தை முதலில் அரசாங்க அடுக்குமாடிகளின் மொட்டை மாடிகளிலும், பள்ளிக்கூட, வைத்தியசாலைக் கூரைகளிலும் போடுவேன். அடுக்குமாடிக் கூரையில் வருகிற கரண்டைக் கீழே உள்ள எல்லா வீட்டு பில்லிலும் சமமாகக் கழிக்கலாம். அதில் லிஃப்ட்டும் தண்ணீர் மோட்டரும் ஓடினாலே அங்குள்ளவர்களின் பொதுச் செலவு இறங்கும். நகர அடுக்குமாடிக்கு ஏற்ற வேலை அது, பூட்டுகிறவனாகச் சொல்கிறேன். அடுத்தது பற்றரியும் கம்பியும். கேட்க அலுப்பான விஷயம், நாடா வெட்ட யாரும் வரமாட்டார்கள். ஆனால் 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் வந்த கோளாறு நாடு முழுவதையும் இருட்டில் தள்ளியது. மின்தேவை குறைந்து சோலர் நிறைய ஓடிய நேரம் அது, அந்தக் கோளாறை மின்கட்டமைப்பால் தாங்க முடியவில்லை. இரவுக்குச் சேமிக்க வழி செய்யாமல் பனலை மட்டும் கூட்டிக்கொண்டு போனால், பகலில் வீட்டுச் சோலரை நிறுத்தி வையுங்கள் என்று சொல்ல வேண்டி வரும். அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் அப்படித்தான் சொன்னார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மின்கட்டண மாற்றம் வரும்போது, கட்டணத்துக்கு அனுமதி கொடுக்கிற பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தைக் கேட்கும், எழுத்திலும் நேரிலும். தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், சோலர் வீடுகள் விட்டுச் செல்லும் அந்தக் குறையை எந்தப் பணத்தால் நிரப்புகிறீர்கள், வாடகை வீட்டுக்காரருக்கு இந்த வருடம் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். நானும் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த அழைப்பு வந்ததும் அனுப்புவேன்.