ரீஃப் அலை என்றால் என்ன? கோடையில் அதன் முன்னறிவிப்பை எப்படிப் பார்ப்பது?

கோடை விடுமுறையில் சேலத்திலிருந்து கடற்கரைக்குப் போய் சர்ஃபிங் பழகுவோருக்கு வரும் சந்தேகம் இது. நீருக்கடியில் உள்ள பாறை அல்லது பவளத்திட்டின் மேல் உடையும் அலைதான் ரீஃப் அலை. மணல் இடம் மாறும், பாறை மாறாது. அதனால் அலை ஏறக்குறைய ஒரே இடத்தில் உடையும்.

காரணம் ஆழம். சேலத்துச் சமவெளியில் வேகமாக வரும் கார் வரிசையில், ஏற்காடு அடிவாரத்தில் முன்வண்டி மெதுவானதும் பின்வண்டிகள் நெருக்கும். அலையும் அப்படித்தான்: ஆழம் குறையக் குறைய வேகம் தணிந்து, நெருங்கி, உயர்கிறது. ஆழம் அலை உயரத்தைப் போல் சுமார் 1.3 மடங்காகக் குறையும்போது உடைகிறது. 1 மீட்டர் அலை உடையுமிடத்தில் தண்ணீர் 1.3 மீட்டர்தான்! கடல் வற்றும் நேரத்தில் பாறை காலைக் கிழித்துவிடும். தலைகீழாகக் குதிக்கவே கூடாது.

முன்னறிவிப்பில் உயரத்துக்கு முன் அலைகளுக்கு இடையிலான நேரத்தைப் பாருங்கள். 6 வினாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பியது. 12க்கு மேல் என்றால் தொலைதூரப் புயல் அனுப்பிய வலுவான அலை. வெயில் ஏறினால் கடற்காற்று எழுந்து அலையைக் குலைக்கும், எனவே அதிகாலையே நல்லது.

கரையில் காற்றில்லை என்றால் கடல் அமைதி என்று நினைப்பது தவறு: இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் பிறந்து, முன்னறிகுறியின்றிக் கரையில் ஏறும் ‘கள்ளக்கடல்’ அலை தெளிந்த வானத்திலும் வரும், கடல்நிலையை அறிவிக்கும் மத்திய அரசு மையமான இன்காய்ஸின் (INCOIS) எச்சரிக்கை இருந்தால் இறங்காதீர்கள்.