வாடகைதாரரைக் காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்வதைத் தடுக்க இங்கிலாந்துக்கு ஏன் 6 வருடம் ஆனது?

வீட்டு உரிமையாளர்கள் எம்.பி.க்களிடம் கொடுத்த அழுத்தமும் ஒரு முக்கியக் காரணம்.

1988 வீட்டுவசதிச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தக் காலம் முடிந்தபின் உரிமையாளர் 2 மாத நோட்டீஸ் கொடுத்தால் போதும், காரணமே சொல்ல வேண்டாம் என்று இருந்தது. ஒழுகும் கூரையைப் பற்றிப் புகார் செய்தால் நோட்டீஸ் வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டு இருந்தவர்கள் ஏராளம். இதை நீக்குவதாக அப்போதைய பிரதமர் தெரசா மேயின் அரசு 2019 ஏப்ரலில் அறிவித்தது. மசோதா வந்ததோ 2023 மே மாதம்!

என்.ஆர்.எல்.ஏ. என்ற உரிமையாளர் சங்கம் நேரடியாக "வேண்டாம்" என்று மல்லுக்கட்டவில்லை. "முதலில் நீதிமன்றங்களைச் சரிசெய்யுங்கள், வாடகை பாக்கி வைப்பவரை வெளியேற்றவே மாதக்கணக்கில் ஆகிறது" என்றது. தாமதம் உண்மைதான், அதை மறுக்க முடியாது. ஆனால் அதையே நிபந்தனையாக்கினால் சீர்திருத்தத்துக்கு நாளே குறிக்க முடியாது. நடந்ததும் அதுதான். 2023 அக்டோபரில் அரசு அந்த நிபந்தனையை ஏற்றது. ஆளும் கட்சி எம்.பி.க்கள் சிலரும் நெருக்க, குடியேறிய முதல் 4 மாதம் வாடகைதாரர் காலி செய்வதாக நோட்டீஸ் தர முடியாது என்ற திருத்தமும் சேர்ந்தது. எம்.பி.க்களிலேயே வீடு வாடகைக்கு விடுபவர்கள் உண்டு. ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் வாடகை வந்தால் எம்.பி.க்களுக்கான நாடாளுமன்றப் பதிவேட்டில் காட்ட வேண்டும். யாருடைய குரல் எளிதில் கேட்கும் என்று யோசியுங்கள்.

2024 தேர்தலோடு அந்த மசோதா காலாவதியானது. அப்புறம் லேபர் அரசு புதிய மசோதா கொண்டுவந்து, 2025 அக்டோபரில் சட்டமாக்கியது. 21ஆம் பிரிவு ஒழிய 2026 மே 1 என்று நாளும் குறித்தது. ஸ்காட்லாந்து இதை 2017லேயே செய்துவிட்டது.