ஊரோடு ஒத்துப்போனால் நான் காணாமல் போவேனா?

கேள்வி: ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலைப் படித்து முடித்ததிலிருந்து ஒரே குழப்பம். எங்கள் ஊரில் கண்மாய் வேலைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் போகணும், திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கணும். இதுவும் தனிமனிதனை நசுக்குகிற கூட்டம்தானா?
- மேலூர் பக்கத்துக் கல்லூரி மாணவி

பதில்: இல்லைங்க. மக்களின் நினைப்பைக்கூட ஒரு கட்சி வேவு பார்க்கிற அந்த நாவலில், கதாநாயகன் வின்ஸ்டனின் பக்கத்து வீட்டுக்காரன் பார்சன்ஸ் மாட்டிக்கொள்ளும் இடத்தை மறுபடி படியுங்கள். தூக்கத்தில் கட்சிக்கு எதிராக ஏதோ உளறிவிட்டான் என்று சாவித்துவாரத்தில் காதை வைத்துக் கேட்டுப் போலீஸிடம் சொல்வது அவனுடைய ஏழு வயது மகள், அதற்காக அவன் மகளை நினைத்துப் பெருமைப்படவும் செய்கிறான். அப்பா மகள், புருஷன் பொண்டாட்டி, சிநேகிதர்கள் என்று யாரும் யாரையும் நம்ப முடியாதபடி பிரித்துப் போட்டுவிட்டுத்தான் கட்சி எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. வின்ஸ்டன் கடைசியாக உடைவதும் அங்கேதான்: எலிக்கூண்டு முகத்தருகே வரும்போது, என்னை விட்டுவிட்டு (தன் காதலி) ஜூலியாவுக்குச் செய்யுங்கள் என்று கத்திவிடுகிறான்.

இதற்கு முன்னோடியான, ரஷ்ய எழுத்தாளர் ஸம்யாத்தினின் ‘நாங்கள்’ (1920-21ல் எழுதியது) நாவலில் வீடுகளுக்குக் கண்ணாடிச் சுவர், ஆட்களுக்குப் பெயரே கிடையாது, எண்தான். டி-503 என்ற பொறியாளன் ஒரு பெண்ணிடம் மனசைக் கொடுத்த பிறகுதான் தனக்கென்று ஒரு மனசு இருப்பதையே கண்டுகொள்கிறான். அறுவை செய்து அவன் கற்பனையை எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் அவளைச் சித்திரவதை செய்யும்போது சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

தனித்தன்மையும் உறவும் சேர்ந்தே சாகின்றன, எனக்கு இந்த நாவல்களில் முக்கியமாகப் படுவது இதுதான். அயன் ராண்டின் ‘ஆந்தெம்’ (1938) போன்றவை கூட்டத்தையே குற்றவாளி ஆக்குகின்றன, அதில் எனக்கு உடன்பாடில்லை.

கண்மாய் வேலைக்கு ஆள் போனால் தண்ணீர் உங்கள் வயலுக்கும் வருகிறது, உடம்பு முடியவில்லை என்றால் தம்பியை அனுப்பலாம். ஆனால் ஊர் என்றாலே நல்லது என்றும் நான் சொல்லமாட்டேன். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியதற்காக 1996லிருந்து பத்து வருஷம் முறையான தேர்தலே நடக்கவிடவில்லை. மனு போட ஆளில்லை, அப்படியே ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் நிலைமை மாறியது. அங்கே ஊர்க் கட்டுப்பாடு என்ற பெயரில் நடந்ததற்கும் ஆர்வெல் எழுதியதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே உங்கள் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று ‘எனக்கு இது சரியாகப் படலை’ என்று ஒருத்தர் சொல்ல முடிகிறதா, சொன்ன பிறகும் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊர் போகிறதா, அதிலும் ஒரு பெண் சொன்னால், காலனியிலிருந்து வந்த ஒருத்தர் சொன்னால் என்ன ஆகிறது என்று பாருங்கள். வரி, வேலையெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

கேள்வி: சரி, அடுத்து எதைப் படிக்கலாம்?

பதில்: ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1953). வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் தமிழிலேயே இருக்கிறது. புத்தகங்களைக் கொளுத்துகிற நாட்டிலிருந்து தப்பித்து, பழைய ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு கூட்டம் வாழ்கிறது, ஆளுக்கு ஒரு புத்தகத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு. ஒருத்தர் செத்தால் ஒரு புத்தகமே போய்விடும் என்பதால் அங்கே ஒவ்வொருத்தரும் வேண்டும். மதுரை நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.