டாங்கோவில் இழுக்கிற கை – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

டாங்கோ என்கிற சோடி ஆட்டம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் கோண்டாவிலில் இருக்கிறேன். ரொறன்ரோவில் சில வருடம் டாங்கோ பழகிவிட்டு ஊரோடு வந்துவிட்ட அக்கா ஒருவர், தன் வீட்டு மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குச் சொல்லித் தருகிறார். ஆறு பெண்கள், இரண்டு ஆண்கள். ஆண்கள் லீட் பண்ணுவார்கள், நாங்கள் முறைவைத்து ஃபொலோ பண்ணுவோம். மற்ற நேரம் சுவரோரம் இருந்து பார்ப்போம்.

சின்ன வயதில் பரதம் பழகி வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளும் எடுத்திருக்கிறேன். தாளம் பிரச்சினையில்லை. ஆனால் ஓச்சோ என்கிற எட்டு வடிவ அடி வந்தால் ஒவ்வொரு திரும்பலிலும் சரிந்துபோகிறேன். "நீங்கள் சரியான பாரம்" என்கிறார் கூட ஆடுகிற தம்பி. இதற்கென்று தனியாகச் சப்பாத்து வாங்க வேண்டுமா? 41 வயதில் இது பிந்திவிட்டதா? கட்டிப்பிடித்து ஆடுகிற ஆட்டம் என்று சொந்தத்துக்குள் கதை வேறு வருகிறது. ஓச்சோவைத் திருத்த ஒரு பயிற்சி சொல்லுங்கள்.

ஒரு வாசகி, கோண்டாவில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

டாங்கோ வகுப்புகளில் கை செய்கிற அநியாயத்தைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன்.

41 பிந்தின வயதே இல்லை. ஆர்ஜென்ரீனத் தலைநகர் புவெனஸ் ஐரிஸில், மிலோங்கா என்கிற டாங்கோ ஆடும் கூடல்களில், எழுபதைக் கடந்தவர்கள் இரவிரவாக ஆடுகிறார்கள். சொந்தக்காரரின் கதைக்குப் பதில் எழுதி நான் மினக்கெடப் போவதில்லை. மேல்மாடிக் கதவைத் திறந்துவைத்து ஆடுங்கள், பார்க்க விரும்புகிறவர் வந்து பார்க்கட்டும்.

சப்பாத்துக்கு இப்போதைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அடிப்பாகம் றப்பராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். றப்பர் தரையைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, நடுவில் அகப்படுவது முழங்கால். குதி குறைந்த பழைய சப்பாத்து ஒன்றைத் தைக்கிறவரிடம் கொடுத்து அடியில் மெல்லிய தோல் ஒட்டுவியுங்கள். சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு திரும்பினால் உள்ளங்கால் தோல் உரிந்துவிடும்.

இனி ஓச்சோ. உங்கள் பங்குக்கு இரண்டு பிழை இருக்கும், இரண்டும் பரதத்திலிருந்து வருபவை. அரைமண்டியில் பாதம் வெளிப்பக்கம் பார்த்தே பழகியிருக்கும், பாரம் இரண்டு காலிலும் சமமாக நிற்கும். டாங்கோவில் பாரம் ஒரு காலில்தான். மற்றக் கால் வெறுமையாகத் தொங்க வேண்டும். திரும்ப முன்னர் பாரமில்லாத அந்த வெறுங்கால் வந்து நிற்கிற காலின் கணுக்காலோடு சேர வேண்டும், முழங்கால்கள் ஒன்றையொன்று உரச வேண்டும். குதியை ஒரு தாள் போகிற அளவுக்கு மட்டும் உயர்த்தி முன்பாதத்தில் திரும்புங்கள். முதலில் நெஞ்சு திரும்பும், பிறகு இடுப்பு, கடைசியாகத்தான் பாதம். மூன்றையும் ஒரேயடியாகத் திருப்பினால் சரிவீர்கள். தட்டடவுக்கு அடிப்பதுபோல் தரையில் அடிக்கவும் வேண்டாம். கால் சத்தமில்லாமல் போய் நிற்க, பிறகு பாரம் அதன்மேல் வர வேண்டும். சுவரில் விரல்நுனியை வைத்துக்கொண்டு தனியாக ஒரு பாட்டு முழுக்க இதைச் செய்யுங்கள். நீங்கள் கேட்ட பயிற்சி இதுதான்.

இவ்வளவும் செய்த பிறகும் வகுப்பில் சரிவீர்கள். ஏனென்றால் உங்களைச் சரிப்பது கூட ஆடுகிற அந்தத் தம்பியின் கை.

"நீங்கள் சரியான பாரம்" என்றாராம். அந்த வசனத்தை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அவர் தன் இடது கையால் உங்கள் வலது கையைத் தள்ளுகிறார், வலது கையால் முதுகை இழுக்கிறார். தள்ளின உடனே உங்கள் தோள் அச்சை விட்டு வெளியே போகும். விழாமல் இருக்க அவருடைய கையில் தொங்குவீர்கள். தொங்கினால் அவருக்குத் தோள் நோகும், இன்னும் இறுக்கிப் பிடிப்பார். பிழை எங்கே தொடங்கியது என்று பாருங்கள். பழியை மட்டும் நீங்கள் சுமக்கிறீர்கள், அதையும் நம்பி எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்!

ஓச்சோவில் நடத்துபவரின், அதாவது லீட் பண்ணுகிறவரின், கைக்குத் தனியாக ஒரு வேலையும் இல்லை. அவர் உங்களை ஒரு பக்கம் அடியெடுக்க வைக்கிறார். உங்கள் பாரம் அந்தக் காலில் முழுதாக வந்து சேரும்வரை பொறுக்கிறார். பிறகு தன் நெஞ்சைத் திருப்புகிறார். தோளும் கையும் நெஞ்சோடு சேர்ந்தே போகும், அதைவிட ஒரு அங்குலமும் கூட அசையாது. அவர் நெஞ்சுக்கு நேரே நிற்கப் பார்ப்பதால் உங்கள் இடுப்பு தானாகத் திரும்புகிறது. பாரம் வந்து சேர முன்னர் அவர் திருப்பினால் உங்கள் இரண்டு காலும் தரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிந்தித் திருப்பினால் நீங்கள் நின்றேபோய்விடுவீர்கள். இடையில் இருக்கிற அந்தக் கணத்தை அவர் எங்கே போய்ப் படிப்பார்? யூரியூப்பில் அது தெரியாது. உங்கள் இடத்தில் நின்று, இன்னொருவர் தன்னைத் திருப்பும்போதுதான் விளங்கும்.

நடத்தப் பழக வருகிறவர் எவரும் முதலில் தொடர, அதாவது ஃபொலோ பண்ண, பழக வேண்டும். எங்கே கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். இது புதிய யோசனையும் இல்லை. டாங்கோவின் பொற்காலம் என்று சொல்லப்படுகிற, ஏறக்குறைய 1935இலிருந்து 1955 வரையான காலத்தில், புவெனஸ் ஐரிஸ் இளைஞர்கள் ஆண்களே கூடுகிற பிராக்டிகா என்கிற பயிற்சிக் கூடல்களில்தான் பழகினார்கள். புதிதாக வருகிற பெடியனை மூத்தவர்கள் நடத்துவார்கள். அவன் மாதக்கணக்கில் பெண்ணின் அடியையே ஆடுவான். அது கைவந்த பிறகுதான் நடத்த விடுவார்கள். அவன் மிலோங்காவுக்குப் போய் ஒரு பெண்ணை ஆட அழைக்கும்போது, பிழையாக நடத்தினால் முதுகு எப்படி நோகும் என்று அவனுக்கே தெரிந்திருக்கும். 2009இல் ஆர்ஜென்ரீனாவும் உருகுவேயும் சேர்ந்து கேட்டு யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் டாங்கோவைச் சேர்த்தார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறது, பழகும் முறையைத்தான் வகுப்புகள் கைவிட்டுவிட்டன. ஆண் என்றால் முதல் நாளே நடத்துவது, பெண் என்றால் காலமெல்லாம் தொடர்வது.

உங்கள் வகுப்பில் அதற்கு மேலால், நான்கு பெண்கள் சுவரோரம் இருக்கிறீர்கள். ஏன் இருக்கிறீர்கள்? எட்டுப் பேர் என்றால் நான்கு சோடி. கால் இருக்கிறது, பாட்டு ஓடுகிறது, ஒருவருக்கும் எழும்பிக் கேட்கத் தோன்றவில்லையா? அந்த அக்கா ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து உங்களுக்குச் சொல்லித் தருகிறார், நல்ல மனுசி. கேட்டால் மறுக்கமாட்டார்.

இப்படித் தொடங்குங்கள். சோடியாக எதிரெதிரே நின்று, முழங்கைக்குச் சற்று மேலே மெதுவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தொடர்பவர் கண்ணை மூடுகிறார். நடத்துபவர் நின்ற இடத்திலேயே பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றுகிறார். தலை ஆடக் கூடாது. நினைத்த இடத்தில் நிறுத்தி, "எந்தக் கால் வெறுங்கால்?" என்று கேட்க வேண்டும். தொடர்பவர் உடனே சொல்ல வேண்டும். தயங்கினால், ஒன்றில் நடத்துபவர் பாரத்தை அரைகுறையாக மாற்றியிருக்கிறார், அல்லது தொடர்பவர் இரண்டு காலிலும் நிற்கிறார். ஒரு பாட்டு, மூன்று நிமிடம். பாட்டு முடிய இடம் மாறுங்கள்.

அடுத்தது நடை. நடத்துபவர் இரண்டு கையையும் நாரிக்குப் பின்னால் கட்டிக்கொள்ளட்டும். தொடர்பவர் இரண்டு உள்ளங்கையையும் அவருடைய நெஞ்சின் மேற்பக்கம் வைக்கிறார். இழுக்கிற கை கட்டுப்பட்டுவிட்டதால் இனி மறைக்க ஒன்றுமில்லை. ஒரேயொரு அடியை மட்டும் கிட்ட நின்று கவனியுங்கள். நடத்துபவர் நிற்கிற காலின் முழங்காலைச் சாடையாக இளக்குகிறார். நெஞ்சு ஒரு அங்குலமளவு முன்னே வருகிறது, பாதம் இன்னும் அசையவில்லை. அந்த அழுத்தம் உள்ளங்கைக்கு வந்ததும் தொடர்பவர் வெறுங்காலை இடுப்பிலிருந்து பின்னே நீட்டுகிறார். பெருவிரல் முதலில் தரையைத் தொடுகிறது. பாரம் இன்னும் முன்காலிலேயே இருக்கிறது. எவ்வளவு தூரம் நீட்டுவது என்பதை அந்த நெஞ்சுதான் சொல்லும். பிறகு இருவரும் சேர்ந்து பாரத்தைக் கடத்துகிறார்கள், தொடர்பவரின் குதி கடைசியாக இறங்குகிறது, மற்றக் கால் வந்து கணுக்காலோடு சேர்கிறது.

நெஞ்சுக்கு முன்னர் பாதத்தை வீசுகிறவர் எதிரே நிற்பவரின் விரலை மிதிப்பார். மிதித்த பயத்தில் குனிந்து தரையைப் பார்ப்பார். குனிந்தால் நெஞ்சு உள்ளே போய்விடும், பாரம் குதிக்குப் போய்விடும், நடத்துவதற்கு மிச்சம் இருப்பது கை மட்டும். உங்கள் வகுப்புத் தம்பிமார் தரையைப் பார்த்துத்தானே ஆடுகிறார்கள்?

பாட்டுக்குக் கார்லோஸ் டி சார்லியின் இசைக்குழுவைப் போடுங்கள். நடை பழக அதைப்போல ஆறுதலும் தெளிவும் உள்ளது வேறில்லை. ஹுவான் டாரியன்ஸோ துடிப்பானவர், ஒரு மாதம் போகட்டும். புக்லியேசே இப்போதைக்கு வேண்டாம், அவருடைய தாளம் இழுபட்டுக்கொண்டு போகும்.

உங்களுக்கும் ஒரு ஏச்சு இருக்கிறது. ஜதி தெரிந்த உடம்பு அடுத்த அடியை ஊகிக்கும். வகுப்புகளில் சொல்லித் தருகிற, எட்டு அடி கொண்ட அடிப்படை வரிசையில், ஐந்தாவதில் இடது காலை வலது காலுக்கு முன்னால் குறுக்கே வைப்பது என்று மனப்பாடம் பண்ணியிருப்பீர்கள். அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஐந்தில் குறுக்கே வைப்பீர்கள். சைக்கிள் கரியரில் இருக்கிறவர், ஓட்டுகிறவர் திரும்ப முன்னரே ஒழுங்கைப் பக்கம் சரிந்தால் என்ன நடக்கும்? இங்கேயும் அதுதான் நடக்கிறது. மூன்றாவது அடியில் நடத்துபவர் உங்கள் வலப்பக்கமாக வெளியே வருகிறார், நெஞ்சை உங்கள் பக்கம் திருப்பியே வைத்திருக்கிறார், ஐந்தில் அதை நேராக்குகிறார். குறுக்கு அதனால்தான் வருகிறது. அவர் நேராக்காவிட்டால் குறுக்கு இல்லை, பின்னுக்கு நடந்துகொண்டே இருங்கள். நீங்களே நடத்திப் பார்த்தால் இது ஒரு பின்னேரத்தில் விளங்கிவிடும். நீங்கள் கேட்காத குறுக்கை எதிரே நிற்பவர் வைக்க, உங்கள் கால் போக இடமில்லாமல் நிற்கும்.

அந்த எட்டின் முதலாவது அடியையும் விட்டுவிடுங்கள். நடத்துபவர் வலது காலைப் பின்னுக்கு வைப்பது அது. மிலோங்காவில் எல்லாச் சோடிகளும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வட்டமாகப் போவார்கள். பின்னுக்கு வைத்தால் பின்னால் வருகிறவரின் மேலேதான் போய் இடிப்பீர்கள். இரண்டாவதான பக்க அடியிலேயே தொடங்கலாம்.

வகுப்பின் முதல் மணித்தியாலம் எல்லோரும் இரண்டு பங்கும் ஆடுங்கள். நான்கு பாட்டு ஒரு தண்டா. இரண்டு பாட்டுக்கு ஒருவர் நடத்த, அடுத்த இரண்டுக்கு மற்றவர். தண்டா முடிய சோடி மாற வேண்டும். தம்பிமார் இரண்டு பேரும் கட்டாயம் ஒருவரையொருவர் நடத்த வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓச்சோவைக் கடைசி அரை மணித்தியாலத்துக்கு வைத்திருங்கள். உங்கள் முறை வந்து நடத்தும்போது, எதிரே நிற்பவரின் பாரம் எந்தக் காலில் என்று தெரியாவிட்டால் திருப்ப வேண்டாம். நின்று, பாரத்தை ஒருமுறை மாற்றி, நிச்சயமான பிறகு திருப்புங்கள். எந்த இடத்தில் தடக்குகிறது என்று எழுதுங்கள் தங்கச்சி, வலது காலா இடது காலா என்பதையும் சேர்த்து.