கோரம் சேராவிட்டால் பழைய நிருவாகமே தொடருமா?

கேள்வி: திருகோணமலையில் சாம்பல்தீவுப் பக்கம் எங்கள் சனசமூக நிலையத்தில் ஒன்பது வருடமாக ஒரே தலைவர். பதிவேட்டில் 142 அங்கத்தவர்கள். பொதுக்கூட்டத்துக்கு இரண்டு தரம் அறிவித்தும் 19 பேர்தான் வந்தோம். மூன்றில் ஒரு பங்கு வராததால் கோரம் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தளவு ஆட்கள்) இல்லை, பழைய நிருவாகம் தொடரும் என்று தலைவர் கூட்டத்தைக் கலைத்துவிட்டார். 25,000 ரூபா தந்தால் புதுப் பெயரில் பதிந்து தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சனசமூக நிலையத்தைப் பதிவது உங்கள் பிரதேச சபை. அங்குள்ள உத்தியோகத்தரிடம் நீங்களே நேரில் போகலாம், இடையில் ஆள் தேவையில்லை. புதுப் பெயரில் பதிந்தால் காணி, கட்டடம், வங்கிப் புத்தகம், தளபாடம் எல்லாம் பழைய பெயரிலேயே கிடக்கும். ஒரே ஊரில் இரண்டு நிலையம், இரண்டு பிரிவாகப் பெடியன்கள். இதைத்தான் காசு கொடுத்து வாங்கப் போகிறீர்கள்.

அந்த ஆள் இத்தோடு நிற்கவும் மாட்டார். அடுத்த முறை கடிதத் தலைப்பையும் றப்பர் முத்திரையையும் கேட்டு வருவார். ஊர்ச் சங்கங்களுக்குக் கிடைக்கிற சின்ன வீதி வேலை, வடிகான் வேலைகளைச் சங்கத்தின் பெயரில் எடுத்து வெளி ஒப்பந்தகாரர் செய்வது ஊரறிந்த விசயம். கொங்கிறீட் ஒரு மாரியோடு பெயர்ந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் தலைவருக்கும் செயலாளருக்கும்தான் வரும், அவருக்கு வராது. எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டு வைக்கும் பழக்கம் உங்கள் நிலையத்தில் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

இனிக் கோரம். யாப்பை, அதாவது நிலையத்தின் விதிகள் எழுதிய ஆவணத்தை, எடுத்து ‘அங்கத்தவர்’ என்பதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அனேகமான யாப்புகளில் நடப்பு வருடச் சந்தா கட்டியவருக்கே வாக்கும் கோரக் கணக்கும். உங்கள் 142 பேரில் செத்தவர்கள், கலியாணம் கட்டி வவுனியா போனவர்கள் எல்லாம் இருப்பார்கள். பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எண்ணுங்கள். சந்தா கட்டியவர்கள் 54 பேர் என்று வைத்தால் மூன்றில் ஒரு பங்கு 18. நீங்கள் 19 பேர் வந்திருந்தீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். கனடாவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு ஒழுங்காகச் சந்தா அனுப்புகிறவர்கள். காசு கட்டியபடியால் அவர்கள் கணக்கில் ஏறுவார்கள், கூட்டத்துக்கோ வரமாட்டார்கள். இப்படிப் பத்துப் பேர் கூடினால் கோரத்துக்கு இன்னும் மூன்று நான்கு பேர் வேண்டும். அவர்களுக்குப் பதிலாகத் தம்பி கை உயர்த்துவதும், வாட்ஸ்அப்பில் ‘சம்மதம்’ போடுவதும் யாப்பில் இடமிருந்தால்தான் செல்லும். அவர்களை வாக்கில்லாத ஆதரவாளர் என்று தனியாகப் பதிய யாப்பைத் திருத்தலாம். அந்தத் திருத்தமும் பொதுக்கூட்டத்தில்தான் நிறைவேற வேண்டும். அவர்கள் மனம் நோகாமல் முதலில் பேசுங்கள், நிலையத்துக் கூரைக்குக் காசு அனுப்பியவர்களும் அவர்கள்தான்.

ஒத்திவைத்த கூட்டத்தில் வந்தவர்களே கோரம் என்றொரு பிரிவும் பல யாப்புகளில் உண்டு. உங்களுடையதில் அது இருந்து, இரண்டாம் தரம் அறிவித்தது ஒத்திவைத்த கூட்டமாக இருந்தால், அதைக் கலைத்ததே பிழை. யாப்பைத் தலைவர் காட்டாவிட்டால் பிரதேச சபையில் கேளுங்கள். அலுமாரியில் தேட வேண்டும், பொறுப்பானவர் லீவு, அடுத்த கிழமை வாருங்கள் என்பார்கள். வருடா வருடம் கூட்ட அறிக்கையைப் புரட்டிப் பார்க்காமல் பதிவைப் புதுப்பித்துக் கொடுத்தால் ஒருவர் ஒன்பது வருடம் இருக்காமல் என்ன செய்வார்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அங்கே கோப்பில் உள்ள யாப்பையும் நிருவாகப் பட்டியலையும் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்லியாக வேண்டும்.

ஆனால் ஆக்கள் வராததற்குத் தலைவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால், இரவு முழுக்கக் கடலில் நின்றவர் அப்போதுதான் படுத்திருப்பார். பின்னேரம் நாலரைக்கு வையுங்கள். கணக்கறிக்கையின் பிரதியை ஒரு கிழமைக்கு முன்பே வீடு வீடாகக் கொடுங்கள். வரவு எவ்வளவு, கதிரை வாடகைக் காசு எங்கே போனது என்று தெரிந்தால் கேள்வி கேட்கவாவது வருவார்கள். தீர்மானம் எல்லாம் முன்பே முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர் தேத்தண்ணிக்கும் வடைக்கும் வரமாட்டார்.

செயலாளர் வேலைக்கும் பொருளாளர் வேலைக்கும் ஆட்களை இப்போதே பேசி வையுங்கள். தலைவர் பதவிக்கு ஐந்து பேர் நிற்பார்கள், அறிக்கை எழுத ஒருவரும் இல்லாமல்தான் பல நிலையங்கள் பூட்டிக் கிடக்கின்றன. கூட்டத்துக்குச் சபையின் உத்தியோகத்தரை எழுத்தில் அழையுங்கள். தெரிவு முடிந்ததும் அவர் முன்னாலேயே அறிக்கையை வாசித்துக் கையெழுத்து வாங்குங்கள். அந்தப் பிரதியோடு அதே கிழமை வங்கிக்குப் போய்க் கையெழுத்துகளை மாற்றுங்கள். பழைய பொருளாளரையும் கூட்டிக்கொண்டு போனால் வேலை சுருக்காக முடியும்.