பெஞ்சில் கை வைக்குமுன்

கேள்வி: நாங்குநேரி பக்கம் ஒரு கிராமச் சேகரத்துக்கு (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகளுக்கு) மாற்றலாகி வந்து ஆறு மாதமாகிறது. கீபோர்டு, டிரம்ஸோடு தனி ஆராதனை வேண்டும் என்கிறார்கள் வாலிபர்கள். தராவிட்டால் தனிச்சபைக்காரர்களின் ஜெபவீட்டுக்குப் போய்விடுவார்களாம். பாமாலையும் (மேல்நாட்டு மெட்டுப் பாட்டு) கீர்த்தனையும் (தமிழ் ராகப் பாட்டு) போதும் என்கிறார்கள் பெரியவர்கள். பெஞ்சுகளை எடுத்து நாற்காலி போட்டால் இன்னும் பலர் உட்காரலாம், அதற்கும் எதிர்ப்பு. எங்கே தொடங்குவது? — ஓர் இளம் சேகரகுரு

தம்பி, எங்கே வேண்டுமானாலும் தொடங்குங்கள், பெஞ்சில் மட்டும் தொடங்காதீர்கள். நான் தொடங்கிப் பட்டிருக்கிறேன்.

நான் இருந்த ஒரு சபையில், கமிட்டித் தீர்மானம் கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஒரே வாரத்தில் பெஞ்சுகளை ஷெட்டுக்கு அனுப்பினேன். அடுத்த ஞாயிறு ஒரு பாட்டி நாற்காலியைத் தொடவில்லை. தன் பெஞ்சு கிடந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தாள். விசாரித்தால், அந்த பெஞ்சின் முதுகில் வெள்ளை பெயிண்டில் ‘நினைவாக’ என்று எழுதியிருந்தது அவள் புருஷன் பெயர். பனை ஏறி, கருப்பட்டி விற்ற காசில் செய்து கொடுத்தது. எனக்கு அது மரச்சாமான், அவளுக்கு அது கல்லறைக் கல். தீர்மானத்தில் இதெல்லாம் எழுதியிருக்காது.

ஆகவே முதலில் சபைக் குடும்பங்களின் சந்தா புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். கமிட்டித் தீர்மானங்கள் எழுதும் மினிட் புத்தகம் வேண்டாம். இந்தக் கோயிலில் உங்கள் வீட்டார் கொடுத்தது எது என்று கேளுங்கள்; மணியா, விளக்கா, பெஞ்சா, நிலமா. குருவுக்குத் துணையாக ஊழியம் செய்த பழைய உபதேசியாரையும் பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பெரியம்மாவையும் கமிட்டிக்கு முன்பே பார்த்துவிடுங்கள். புத்தகத்தில் இருக்கும் குடும்பங்களில் எத்தனை ஊரில் இருக்கிறது, எத்தனை சென்னையிலும் வளைகுடாவிலும் இருந்து அசனத்துக்கு (சபை விருந்துக்கு) மட்டும் வருகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். தனி ஆராதனை கேட்கும் வாலிபர்கள் எண்ணிப் பார்த்தால் எட்டுப் பேராகவும் இருக்கலாம். எட்டுப் பேர் என்று தள்ளச் சொல்லவில்லை. எட்டுப் பேருக்கு ஏற்ற ஏற்பாடு போதும் என்கிறேன்.

பாட்டு விஷயத்தில் இரு பக்கத்தாருக்கும் ஒரு பழைய கதை சொல்லலாம். திருநெல்வேலியில் 1774இல் பிறந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். தஞ்சாவூரில் புதிதாக வந்த மிஷனரிகள் ஆராதனையில் தமிழ்ப் பாட்டுகளைப் பாட விடுவதில்லை என்று 1829இல் அவர் முறையிட்டு எழுதினார். அவருடைய கீர்த்தனைகளைத்தான் இன்று நம் பெரியவர்கள் கண் மூடிப் பாடுகிறார்கள். கோயிலுக்கு ஏற்ற பாட்டு எது என்ற சண்டை இருநூறு வருஷமாக நடக்கிறது.

வாரா வாரம் தனி ஆராதனை என்று அறிவிக்காதீர்கள். சபை அன்றைக்கே இரண்டாகும். ஐந்தாம் ஞாயிறு வரும் மாதங்களில் மட்டும் சாயங்காலம் வாலிபர் ஆராதனை வையுங்கள். வருஷத்துக்கு நாலைந்து முறைதான் வரும். மூன்று முறை நடந்த பிறகு கமிட்டியில் பேசுங்கள். அதுவரை காலை ஆராதனையில் ஒரு கீர்த்தனைக்கு அந்தப் பையன்களே கீபோர்டு வாசிக்கட்டும். ராகமும் தாளமும் சொல்லிக்கொடுக்க ஒரு பெரியவரை உட்கார வையுங்கள். திட்டுவார், ஆனால் வருவார்.

வெளிநாட்டில் இருந்து ஒருவரே டிரம்ஸ் செட் வாங்கித் தருகிறேன் என்று வந்தால் நன்றி சொல்லி, பொதுக் காணிக்கையில் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது அவர் ஆராதனை ஆகிவிடும், அதன் மேலும் ஒரு பெயர் எழுதப்படும். சபைத் தேர்தல் நெருங்கும்போது எதையும் தொடங்க வேண்டாம். நீங்கள் வாங்கும் மைக்கும் ஒரு கட்சியின் மைக்காகிவிடும்.

ஜெபவீட்டுக்குப் போவோம் என்கிற பயமுறுத்தலுக்கு அவசரப்பட்டு இணங்காதீர்கள். சிலர் எப்படியும் போவார்கள். போனவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் முதல் ஆளாக நீங்கள் போய் நில்லுங்கள்.

பெஞ்சு? பெயர் உள்ளவற்றை முன்வரிசையிலும் சுவர் ஓரமாகவும் விட்டு, நடுவில் நாற்காலி போடலாம். எதை எங்கே போடுவது என்று அந்தந்த வீட்டாரே வந்து காட்டட்டும்.