ஜெனிவா இன்டர்ன்ஷிப்: சரி என்று சொல்லும் முன்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் 2012 ஜனவரியில் கோர்னவான் ரயில் நிலையத்தில் ஒரே ஒரு பெட்டியோடு நான் இறங்கி நின்றது நினைவுக்கு வந்துவிட்டது. ஜெனிவாவில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது, வளர்ச்சி சார்ந்த அட்வகசி (ஒரு கோரிக்கைக்காக அரசுகளிடம் வாதாடுவது), சிவில் சமூகத் தொடர்பு என்று வேலையின் பெயர் போட்டிருக்கிறார்கள், சம்பளம் கிடையாது, வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே குளிர், உடை, பிரெஞ்சு, முடிந்தபின் வேலை என்று நான்கைந்து கேள்விகள்.

குளிர் ஒரு விஷயமே இல்லை. குளிர்கால மேலங்கியை இங்கே பழைய துணி விற்கும் கடையில் வாங்கிக்கொள்ளலாம். மற்றதைப் பேசுவோம்.

முதலில் பணம். இங்கே இருக்கும் நம்மவர்கள் இதை வெளிப்படையாகச் சொல்வதே இல்லை. ஐ.நா. வளாகத்தில் கொடிகள் வரிசையாகப் பறக்கும் இடத்தில் நின்று படம் எடுத்துப் போடுகிறார்கள். வீட்டிலிருந்து மாதாமாதம் எவ்வளவு வந்தது, எந்தச் சேமிப்பு கரைந்தது என்று எழுதுவதில்லை. அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் கடன் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. ஐ.நா. தலைமைச் செயலகமே தன் இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. 2015 ஆகஸ்டில் ஐ.நா. இன்டர்ன் ஒருவர் ஜெனிவா ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கியிருந்த செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு சில இடங்கள் மாறின. உலக சுகாதார நிறுவனம் 2020 முதல் உதவித்தொகை தருகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அதற்கும் முன்பிருந்தே தருகிறது. சிறிய தொண்டு நிறுவனங்களில் நிலைமை இடத்துக்கு இடம் வேறுபடும். எனக்கு மாதம் 500 பிராங்க் தந்தார்கள். ஓர் அறையின் வாடகை 650. மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் இங்கே வசித்தால் மருத்துவக் காப்பீடு கட்டாயம், அதன் பிரீமியம் சின்னத் தொகை இல்லை. "இப்போதைக்குச் சுற்றுலா விசாவில் வாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்துக்கே போகாதீர்கள். சுற்றுலாவுக்குத் தரும் ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம், உங்கள் இன்டர்ன்ஷிப்போ ஆறு மாதம். இன்னொன்று, அறை தேடும்போது வீட்டு உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்றால் அது மோசடி. என்னோடு வந்த ஒரு பெண் அப்படித்தான் இரண்டு மாத வாடகையை இழந்தாள். பிரான்ஸ் எல்லைக்கு அந்தப் பக்கம் வாடகை குறைவுதான், ஆனால் சுவிஸ் அனுமதியை வைத்துக்கொண்டு அங்கே குடியிருக்க முடியாது.

சரி, இவற்றையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடலாம், நானும் சமாளித்தேன். வேலையைப் பற்றித்தான் நீங்கள் எதுவுமே கேட்கவில்லை. எனக்கு முக்கியம் அதுதான்.

அட்வகசி என்றால் மேடையில் பேசுவது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். உண்மையில் அது நாள்காட்டியையும் சொல் எண்ணிக்கையையும் கட்டி மேய்க்கும் வேலை. யு.பி.ஆர். என்ற மீளாய்வை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நாட்டின் மனித உரிமை நிலையை மற்ற நாடுகள் அலசிப் பரிந்துரை சொல்லும் ஏற்பாடு அது. ஐ.நா.வின் மனித உரிமைகள் பேரவையில் 193 நாடுகளும் ஏறக்குறைய நாலரை ஆண்டுக்கு ஒருமுறை இதில் உட்கார்ந்தாக வேண்டும். ஓர் அமைப்பு தனியாக அறிக்கை அனுப்பினால் 2,815 சொற்கள், பலர் சேர்ந்து அனுப்பினால் 5,630 சொற்கள், அவ்வளவுதான் இடம். எல்லா அமைப்புகளும் எழுதியதைச் சுருக்கி ஐ.நா. அலுவலகம் ஒரே ஆவணமாக்கிவிடும். மீளாய்வு நடக்கும்போது தொண்டு நிறுவனங்கள் பேச முடியாது, மற்ற நாடுகள்தான் பேசும். அதனால் நாம் சொல்ல வேண்டியதை ஏதாவது ஒரு நாட்டின் வாயால் சொல்ல வைக்க வேண்டும். தூதரகம் தூதரகமாக மின்னஞ்சல் அனுப்பி, அரை மணி நேரச் சந்திப்பு வாங்கி, இரண்டு பக்கக் குறிப்பைக் கையில் கொடுத்து, "இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் பரிந்துரையில் சேர்க்க முடியுமா" என்று கேட்கும் வேலை அது. இதைக் கற்றுக்கொண்டதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆறு மாதத்தில் பதினேழு தூதரகங்களின் படி ஏறினேன். ஆங்கிலம் தடுமாறினாலும் என் கையில் இருந்த விவரம் தடுமாறியதில்லை.

இந்த வேலையை உங்களுக்குக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். வேலைப் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். அறையின் கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைத் தட்டச்சு செய்வதும், மதிய நிகழ்வுக்கு நாற்காலி போடுவதும்தான் வேலை என்றால், அதற்காக ஆறு மாதச் சாப்பாட்டைக் கடனில் போட வேண்டாம். அந்த நிறுவனத்துக்கு ஐ.நா. கூட்டங்களில் கலந்துகொள்ள வழிசெய்யும் ஆலோசனை அந்தஸ்து இருக்கிறதா, நுழைவு அட்டை உங்கள் பெயரில் வருமா என்பதையும் கேளுங்கள். அட்டை இல்லையென்றால் பேரவை நடப்பதை இணைய ஒளிபரப்பில்தான் பார்க்க வேண்டும், அதற்கு விமானச் செலவு எதற்கு?

அடுத்து, அவர்கள் போட்டிருக்கும் அந்தச் சிவில் சமூகத் தொடர்பு. பெயர் மென்மையாக இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும்விடக் கனமான வேலை அதுதான். களத்தில் இருக்கும் சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசி, அவர்கள் சொல்வதை எழுதி, மொழிபெயர்த்து அனுப்ப வேண்டும். என்னைச் சேர்த்ததே எனக்குத் தமிழ் தெரியும் என்பதால்தான். 2012 மே மாதம் இந்தியாவின் மீளாய்வு. துப்புரவுப் பணி செய்யும் பெண்களின் சங்கம் ஒன்றோடு பேசச் சொன்னார்கள். இங்கிருக்கும் நேரமும் அவர்கள் நேரமும் ஒத்துவராது, அதனால் காலை ஐந்து மணிக்கு எழுந்து என் சொந்த எண்ணிலிருந்து பேசுவேன். அவர்களில் ஓர் அம்மா மலக்குழியில் மகனை இழந்தவர். மூன்று வாரம் பேசிய பிறகுதான் அதைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "இதை அங்கே படிப்பீங்களாம்மா?" என்று கேட்டார். படிப்பார்கள் என்று சொன்னேன். அப்படிச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கவில்லை, தம்பி. நான் ஜூலையில் அந்த நிறுவனத்தை விட்டுக் கிளம்பப் போகிறவள்.

அதனால்தான் சொல்கிறேன், சேரும் முன் இதைக் கேளுங்கள்: நான் போன பிறகு இவர்களோடு யார் பேசுவார்கள்? அவர்கள் சொன்ன விவரம் எங்கே பத்திரமாக இருக்கும்? பெயர் வெளியே வந்தால் அவர்களுக்கு ஊரில் என்ன ஆகும் என்று யார் யோசித்திருக்கிறார்கள்? பதில் சொல்லத் தெரியாத நிறுவனத்தில் சேர வேண்டாம். எனக்குப் பிறகு அந்த நாற்காலியில் வேறு மொழிக்காரப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அலுவலகத்தில் அந்த எண்களை யாரும் குறித்துக்கூட வைக்கவில்லை. அழைப்புகள் எனக்கே வந்துகொண்டிருந்தன.

பிரெஞ்சு கேட்டீர்களே. அலுவலகத்துக்குத் தேவையில்லை. வாழ்க்கைக்குத் தேவை, வந்த முதல் வாரமே தொடங்குங்கள். ஐ.நா. வட்டாரத்தில் இருபது ஆண்டு இருந்தும் கீழ்வீட்டுக்காரரிடம் இரண்டு வாக்கியம் பேசத் தெரியாத நம்மவர்களை எனக்குத் தெரியும். அதே ஆட்கள் ஈழத்திலிருந்து அகதிகளாக வந்து உணவகச் சமையலறைகளில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர்களை ஏறிட்டும் பார்ப்பதில்லை. எனக்கு அறை கொடுத்தது அப்படி ஒரு குடும்பம்தான். ஜெனிவாவை ஒட்டிய மெய்ரானில் இரண்டு அறை வீடு, ஒன்றை எனக்கு விட்டுவிட்டு நால்வரும் மற்றதில் படுத்தார்கள். சம்பளம் நின்ற மாதங்களில் அந்த அக்கா வாடகை கேட்கவே இல்லை. பிரெஞ்சும் அவரிடம்தான் கற்றேன். இன்று என் வீட்டுக் குத்தகையையும் வரிக் கடிதத்தையும் நானே படித்து நானே பதில் எழுதுகிறேன்.

வேலை கிடைக்குமா என்றால், முன்பைவிடக் கடினம். 2025-ல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை வெட்டி, அந்த உதவியை வழங்கிவந்த யு.எஸ்.எய்ட் அமைப்பையே மூடியபின் இங்கே பல அலுவலகங்களில் ஆள் குறைத்துவிட்டார்கள். பத்தாண்டு அனுபவம் உள்ளவர்களே வரிசையில் நிற்கிறார்கள். எனக்கும் அடுத்த வேலை கிடைக்க ஒன்பது மாதம் ஆனது, அதுவும் நல்ல காலத்தில்.

2012 செப்டம்பரில் இந்தியாவின் மீளாய்வு அறிக்கையைப் பேரவை ஏற்றுக்கொண்ட நாள், என் நுழைவு அட்டை காலாவதியாகிவிட்டது. அக்காவின் சமையலறையில் மடிக்கணினியை வைத்துப் பார்த்தேன். அறிக்கையை ஏற்கும்போது தொண்டு நிறுவனங்களும் பேசலாம், எல்லோருக்கும் சேர்த்து 20 நிமிடம், ஆளுக்கு இரண்டு நிமிடம். எங்கள் நிறுவனத்தின் முறை வந்தது. அந்த அம்மா சொன்ன வரி அதில் இல்லை. அன்று மாலையே அவர் கூப்பிட்டார். படிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வெகு நேரம் ஆனது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நீ சாப்பிட்டியாம்மா" என்று கேட்டார்.

அந்த எண்ணை நான் மாற்றவில்லை. 2013 செப்டம்பரில் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது அந்தச் செய்தி எனக்கு அவரிடமிருந்துதான் வந்தது. டிராமில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் சங்கத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் சத்தம், யார் என்ன சொன்னார்கள் என்றே புரியவில்லை. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போய்விட்டது.